தள்ளுபடி நாளில் எதுவும் வாங்காமல் இருக்க: முதன்முறை முயல்வோருக்கு ஒரு வழிகாட்டி

ஒரு நாள் எதுவும் வாங்காமல் இருப்பதற்கு வழிகாட்டி எதற்கு என்று தோன்றலாம். எனக்கும் அப்படித் தோன்றியதால்தான் முதல் ஆண்டு எந்தத் தயாரிப்பும் இல்லாமல் இறங்கினேன். அன்று பகல் முழுவதும் ஒன்றும் வாங்கவில்லை. ஆனால் பகல் முழுவதும் போனில் விலைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிடித்தவற்றையெல்லாம் இணையக் கடையின் கூடையில் சேர்த்தபடியே இருந்தேன். நள்ளிரவு தாண்டியதும் நான்கு பொருள்களுக்கு ஒரேயடியாகப் பணம் கட்டினேன். அவற்றில் ஒன்று ஹெட்போன். வீட்டில் ஏற்கெனவே இருந்த ஹெட்போனுக்கு ஒரு குறையும் இல்லை. அன்று விரதம் இருந்தது கை மட்டுமே. மனம் கடைவீதியை விட்டு நகரவே இல்லை.

ஒரு பொருளைப் பார்ப்பதற்கும் அதற்குப் பணம் கொடுப்பதற்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. கடைக்கு நடந்து போகும் நேரம், பணத்தை எண்ணும் நேரம், "இது வேண்டுமா?" என்று வீட்டில் ஒருவர் கேட்கும் நேரம் எல்லாம் அதில் அடங்கும். தள்ளுபடி விற்பனையின் முழுத் திறமையும் அந்த இடைவெளியைச் சுருக்குவதில்தான் இருக்கிறது. அதை மறுபடி அகலப்படுத்துவதே இங்கே சொல்லும் எல்லாப் படிகளின் வேலை. செலவு குறைவது கூடவே வரும் பயன்.

இந்த நாள் எங்கிருந்து வந்தது

செய்முறைக்குப் போகும் முன் கொஞ்சம் வரலாறு. 'எதுவும் வாங்காத நாள்' 1992இல் கனடாவின் வான்கூவர் நகரில் தொடங்கியது. டெட் டேவ் என்ற ஓவியக் கலைஞரின் யோசனை அது. விளம்பரங்களை எதிர்த்து எழுதிவந்த 'ஆட்பஸ்டர்ஸ்' என்ற பத்திரிகை அதைப் பரப்பியது. முதலில் செப்டம்பரில் நடந்தது. 1997 முதல், நவம்பரில் வரும் அமெரிக்கப் பண்டிகையான நன்றி நவிலல் நாளுக்கு (தேங்க்ஸ்கிவிங்) மறுநாளான வெள்ளிக்கிழமைக்கு மாறியது. ஆண்டின் மிகப் பெரிய தள்ளுபடி நாளான பிளாக் ஃபிரைடே அதுதான். வட அமெரிக்காவுக்கு வெளியே பல நாடுகளில் அடுத்த நாள் சனிக்கிழமை கடைப்பிடிக்கிறார்கள்.

இதற்காக எடுத்த விளம்பரத்தை ஒளிபரப்ப அமெரிக்காவின் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் மறுத்துவிட்டன. பணம் கொடுக்க முன்வந்தும் மறுத்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். 'வாங்குங்கள்' என்று நாள் முழுவதும் சொல்ல இடம் உண்டு, 'இன்று ஒரு நாள் வேண்டாம்' என்று அரை நிமிடம் சொல்ல இடம் இல்லை. சிஎன்என் மட்டும் அதை ஒளிபரப்பியது.

பண்டிகையும் விற்பனையும் தானாகப் பிணைந்துவிடவில்லை என்பதற்கு இன்னொரு சம்பவமும் உண்டு. நன்றி நவிலல் நாளை அப்போது நவம்பரின் கடைசி வியாழனில் கொண்டாடுவார்கள்; 1939இல் அது 30ஆம் தேதி வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய விற்பனை நாள்கள் குறைந்துவிடும் என்று வணிகர்கள் முறையிட, அதிபர் ரூஸ்வெல்ட் நன்றி நவிலல் நாளை ஒரு வாரம் முன்னுக்கு நகர்த்தினார். சில மாநிலங்கள் ஏற்றன, சில மாநிலங்கள் மறுத்தன; அந்த ஆண்டு ஒரே நாட்டில் இரண்டு வியாழக்கிழமைகளில் பண்டிகை நடந்தது. 1941இல் சட்டம் போட்டு நவம்பரின் நான்காம் வியாழன் என்று நிலைநிறுத்தினார்கள். கடைக்காக நாள்காட்டியையே நகர்த்த முடியும் என்றால், கடைக்கு வெளியே ஒரு நாளை நாமே குறித்துக்கொள்வதில் தவறே இல்லை.

முதல் படி: எல்லையை எழுதி வையுங்கள்

மனத்தில் வைத்துக்கொள்வது போதாது. ஒரு தாளில் எழுதுங்கள். எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எவையெல்லாம் 'வாங்குதல்' என்ற கணக்கில் வரும், எவை வராது என்பது தெளிவாக இருக்க வேண்டும். மருந்து, அவசரப் பயணம், குழந்தைக்கும் முதியவருக்கும் உடனடியாகத் தேவைப்படுபவை ஆகியவற்றுக்கு எப்போதும் விலக்கு உண்டு. இந்த விலக்குகளைப் பற்றிக் குற்ற உணர்வு கொள்ளத் தேவையே இல்லை. வாடகை, மின்கட்டணம் போன்றவையும் கணக்கில் வராது.

கணக்கில் வரவேண்டியவற்றில் புதியவர்கள் மறப்பவை சில: போனில் வாங்கும் விளையாட்டு, மாதச் சந்தா, மின்னூல், 'இலவச' சோதனைக் காலம். கையில் பொருள் எதுவும் வருவதில்லை என்பதால் இவற்றை நாம் வாங்குவதாகவே உணர்வதில்லை.

இரண்டு விதிகளையும் சேர்த்து எழுதுங்கள். அந்த நாளுக்காக முந்தைய நாளே வாங்கிக் குவிப்பதில்லை. அந்த நாளில் கூடையில் சேர்த்து வைத்து மறுநாள் வாங்குவதும் இல்லை. இந்த இரண்டும் இல்லாவிட்டால் இந்த முயற்சியில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. என் முதல் ஆண்டு அப்படித்தான் வீணாகிப் போனது.

ஒரு நாள் போதுமா, ஒரு வாரம் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: முதல் முறை ஒரு நாளே போதும். தள்ளுபடி விற்பனை இப்போது ஒரு நாளில் முடிவதில்லை என்பதும் உண்மைதான். வெள்ளிக்குப் பிறகு திங்களன்று இணைய விற்பனை நாள் வருகிறது. 'சைபர் மண்டே' என்ற அந்தப் பெயர் 2005இல் இணைய வணிகர் சங்கம் ஒன்று சூட்டியது. சீனாவில் தனியாக வாழ்வோருக்கென்று இளைஞர்கள் கொண்டாடிவந்த நவம்பர் 11ஐ, 2009 முதல் அலிபாபா விற்பனைத் திருவிழாவாக மாற்றியது. பழகிய பிறகு இவை எல்லாவற்றையும் சேர்த்து முழு விற்பனைக் காலத்துக்கும் விரதத்தை நீட்டிக்கலாம்.

இரண்டாம் படி: தேவைப் பட்டியல்

விற்பனை தொடங்குவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே இதைச் செய்யுங்கள். வீட்டில் உண்மையில் இல்லாதவற்றையும் பழுதானவற்றையும் மட்டும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுதிய தேதியையும் அன்றைய விலையையும் குறியுங்கள். அதற்குமுன் அலமாரிகளையும் பெட்டிகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பட்டியலில் எழுத நினைத்ததில் ஒன்றிரண்டாவது வீட்டிலேயே கிடைக்கும்.

விலையைக் குறிப்பதற்குக் காரணம் இருக்கிறது. தள்ளுபடிச் சீட்டில் இரண்டு விலைகள் இருக்கும்: ஒன்று அடித்துவிட்ட பெரிய எண், இன்னொன்று கீழே உள்ள சிறிய எண். நம் மனம் முதலில் பார்த்த எண்ணைப் பற்றிக்கொண்டு மற்றதை அதிலிருந்தே அளக்கிறது. ட்வெர்ஸ்கி, கானமன் என்ற இரு உளவியலாளர்கள் 1974இலேயே இந்தப் போக்கைச் சோதனைகளால் காட்டினார்கள். அடித்துவிட்ட எண்ணில் அந்தப் பொருள் எப்போதாவது விற்றதா என்பது வேறு கேள்வி. விற்பனைக்குச் சற்று முன் விலையை ஏற்றிவிட்டுப் பிறகு 'குறைப்பதை'த் தடுக்கவே ஐரோப்பிய ஒன்றியம் ஒரு விதி கொண்டுவந்தது. 2022 மே 28 முதல், தள்ளுபடி அறிவிக்கும் கடை அதற்கு முந்தைய 30 நாள்களில் இருந்த மிகக் குறைந்த விலையையே 'முந்தைய விலை'யாகக் காட்ட வேண்டும். அந்தச் சட்டம் இல்லாத இடத்தில் உங்கள் கையிலுள்ள தாள்தான் சட்டம்.

இந்தப் பட்டியலை விற்பனை முடியும் வரை தொடாதீர்கள். புதிதாக எதையும் சேர்க்காதீர்கள்.

மூன்றாம் படி: வாசல்களை மூடுவது

எல்லாப் படிகளிலும் அதிக உழைப்பும் அதிகப் பலனும் தருவது இதுதான். மன உறுதியை நம்பி இறங்கியவர்கள் பெரும்பாலும் தோற்கிறார்கள். ஏற்பாட்டை நம்பியவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள். ஒரு வாரம் முன்பே இவற்றைச் செய்து முடியுங்கள்.

போனில் உள்ள ஷாப்பிங் செயலிகளை நீக்குங்கள். நீக்க மனம் வராவிட்டால் அறிவிப்புகளையாவது நிறுத்துங்கள். மின்னஞ்சலில் வரும் விற்பனைக் கடிதங்களின் அடியில் 'சந்தாவிலிருந்து விலக' என்ற சிறிய எழுத்து இருக்கும், ஒவ்வொன்றாக அழுத்துங்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், பயன் ஆண்டு முழுவதும் கிடைக்கும்.

அடுத்து, தளங்களில் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்ணை அழியுங்கள். இதை மட்டும் தட்டிக்கழிக்காதீர்கள். ஒரே சொடுக்கில் வாங்கும் முறைக்கு அமேசான் 1999இல் காப்புரிமை பெற்று, 2017இல் அது காலாவதியாகும் வரை வைத்திருந்தது. ஒரு சொடுக்கை மிச்சப்படுத்துவது அவ்வளவு மதிப்புள்ள சொத்தாக இருந்தது என்றால், அந்தச் சொடுக்குகளுக்கு நடுவில்தான் நாம் மனம் மாறிக்கொண்டிருந்தோம் என்று பொருள். பதினாறு இலக்கங்களையும் ஒவ்வொரு முறையும் கையால் அடிக்க வேண்டியிருந்தால், அதில் பாதியிலேயே பல ஆசைகள் தணிந்துவிடுகின்றன. கார்டை எடுக்க எழுந்து அடுத்த அறைக்குப் போகவேண்டும் என்றால் இன்னும் நல்லது.

கார்டுக்கும் கைப்பணத்துக்கும் உள்ள வேறுபாடு கற்பனையல்ல. பிரெலெக், சிமெஸ்டர் என்ற இருவர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், கூடைப்பந்துப் போட்டி டிக்கெட்டுகளை ஏலத்துக்கு விட்டார்கள். கிரெடிட் கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கமாகக் கட்டவேண்டியவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு தொகைக்கு ஏலம் கேட்டார்கள். பொருள் ஒன்றே, பணம் கையைவிட்டுப் போவது கண்ணில் படுவதும் படாததும்தான் வித்தியாசம். 'இப்போது வாங்குங்கள், பிறகு கட்டுங்கள்' என்ற தவணை வசதிகள் இதே மறைப்பை இன்னும் ஒரு படி நீட்டுகின்றன. அவற்றையும் முடக்கிவிடுங்கள்.

'இன்னும் 9 நிமிடம் 40 நொடி' என்று குறைந்துகொண்டே வரும் கடிகாரத்தையும், 'இந்தப் பொருளை இப்போது 27 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்ற வரியையும் பார்த்திருப்பீர்கள். 2019இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ 11,000 விற்பனைத் தளங்களை ஆராய்ந்து, வாங்குபவரைத் தள்ளிவிடும் இத்தகைய உத்திகள் 1,818 இடங்களில் இருப்பதைக் கண்டார்கள். சில கடிகாரங்கள் சுழியத்தைத் தொட்டபின்னும் சலுகை அப்படியே நீடித்தது. சில தளங்களில் 'பார்ப்போர்' எண்ணிக்கையை நிரலே தன் போக்கில் உருவாக்கிக்கொண்டிருந்தது. இவற்றை இருண்ட வடிவமைப்புகள் என்கிறார்கள். இந்திய அரசும் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் பொய்யான அவசரம், கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது உட்பட 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. தடை வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. அடுத்த முறை அந்தக் கடிகாரத்தைப் பார்க்கும்போது, அது நம்மை ஓட வைக்க ஒருவர் உட்கார்ந்து செய்த வேலை என்பது நினைவுக்கு வந்தால் போதும், கால் நின்றுவிடும்.

நான்காம் படி: வீட்டாரிடம் பேசுவது

உங்கள் முடிவை வீட்டில் அறிவிப்பாகச் சொல்லாதீர்கள். "இந்த முறை நான் இப்படிச் செய்து பார்க்கப்போகிறேன், உங்களுக்கும் விருப்பமா?" என்று கேளுங்கள். மற்றவர் சேராவிட்டால் விட்டுவிடுங்கள். ஒருவருடைய விரதம் மற்றவருடைய தட்டை எட்டிப்பார்க்கக் கூடாது.

பரிசுகள்தான் கடினமான இடம். பரிசு கொடுக்காமல் விடுவது அன்புக் குறைவாகத் தெரியும் என்ற அச்சம் பலருக்கு உண்டு, அது நியாயமான அச்சம். முன்கூட்டியே பேசினால் பாதி தீரும். பெரியவர்கள் ஒருவருக்கொருவர் வாங்கிக்கொள்வதை நிறுத்திக் குழந்தைகளுக்கு மட்டும் என்று முடிவு செய்யலாம். சீட்டு எழுதிப்போட்டு ஒருவருக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்ளலாம். நேரத்தைப் பரிசாகக் கொடுப்பதும் உண்டு: ஒரு மாலை குழந்தையைப் பார்த்துக்கொள்வது, பழைய புகைப்படங்களை ஒழுங்குபடுத்திக் கொடுப்பது, தைத்துத் தருவது. ஒரு முறை வயதான உறவினர் ஒருவருக்கு அவருடைய தொலைபேசி எண்களையெல்லாம் பெரிய எழுத்தில் ஒரு சிறு நோட்டில் எழுதிக்கொடுத்தேன். அதற்குமுன் வாங்கிக்கொடுத்த எதையும் அவர் அவ்வளவு நாள் கையில் வைத்திருந்ததில்லை.

குழந்தைகளிடம் 'பணம் இல்லை' என்று பொய் சொல்லாதீர்கள். விளம்பரம் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சேர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்கும் விளையாட்டாக மாற்றுங்கள். அவர்கள் நம்மைவிட வேகமாகக் கண்டுபிடிப்பார்கள்.

ஐந்தாம் படி: அந்த நாள்

வெறுமையாக விட்ட நாள் மாலைக்குள் போனில் போய் விழும். ஆகவே ஒரு பெரிய வேலையை முன்பே வைத்துக்கொள்ளுங்கள். நான் பழுதுபார்க்கும் நாளாக வைத்துக்கொள்கிறேன்: அறுந்த பொத்தான், ஆடும் நாற்காலிக் கால், ஜிப் போன பை. பழுதுபார்க்கத் தெரியாதவர்களுக்கு உதவ 2009இல் ஆம்ஸ்டர்டாமில் மார்டினே போஸ்ட்மா 'ரிப்பேர் கஃபே' ஒன்றைத் தொடங்கினார். தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரு மேசையில் உட்கார்ந்து பழையதைச் சரிசெய்யும் அந்த ஏற்பாடு இன்று பல நாடுகளில் நடக்கிறது. அருகில் இருந்தால் போங்கள். இல்லையென்றால் கையில் திறமையுள்ள நண்பர் ஒருவரை அழையுங்கள், அதுவே ரிப்பேர் கஃபேதான். மின்சாதனம் என்றால் இது இன்னும் அவசியம். ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட அறிக்கையின்படி 2022இல் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவை உருவாக்கியது. முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது அதில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு.

எப்படியும் ஆசை வரும், அநேகமாக மாலையில் வரும். வரும்போது சண்டை போடாதீர்கள். பொருளின் பெயரையும் அந்த நேரத்தில் உங்கள் மனநிலையையும் ஒரு தாளில் எழுதிவிட்டு இடத்தைவிட்டு எழுந்து நடங்கள். அலுப்பு, தனிமை, யாரோ சொன்ன ஒரு சொல் என்று அந்தத் தாளில் விழும் காரணங்கள் பொருளோடு பெரும்பாலும் தொடர்பற்றவையாகவே இருக்கும். எனக்குக் களைப்புதான் அதிகமாக எழுதப்பட்டிருந்தது. தூங்கவேண்டிய நேரத்தில் நான் கடை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தவறி ஏதாவது வாங்கிவிட்டால் ஆர்டரை ரத்து செய்யுங்கள். முடியாவிட்டால் அங்கேயே விட்டுவிட்டு மிச்ச நாளைத் தொடருங்கள்.

வெளியில் இறங்க விரும்பினால்

வீட்டோடு நிற்பதே முழுமையானது, வெளியில் இறங்குவது கட்டாயமில்லை. ஆனால் பலர் பொது இடத்தில் சொல்ல விரும்புகிறார்கள். காலியான தள்ளுவண்டிகளை வரிசையாகத் தள்ளிக்கொண்டு எதுவும் வாங்காமல் கடையை மௌனமாகச் சுற்றி வருவது ஒரு பழைய முறை. வணிக வளாகத்தில் கத்தரிக்கோலோடு நின்று, விரும்புவோரின் கிரெடிட் கார்டை வெட்டித் தருவது இன்னொன்று. எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் நடக்கும் ஏற்பாடு: அதே நாளில் மக்கள் தங்களிடம் மிகுந்த குளிர்கோட்டுகளைக் கொண்டுவந்து வைக்கிறார்கள், தேவைப்படுபவர் எடுத்துப்போகிறார். வாங்காதே என்று சொல்வதோடு நிற்காமல், வாங்காமல் கிடைக்க ஒரு வழியையும் அது திறந்து வைக்கிறது. முதன்முறை செய்பவர்கள் இதையே தொடங்குங்கள். பத்து வீடுகள் சேர்ந்தால் போதும். துணி, புத்தகம், விளையாட்டுப் பொருள் எதுவாகவும் இருக்கலாம்.

எதைச் செய்தாலும் கடை ஊழியருக்குக் கூடுதல் வேலை வைக்காதீர்கள். தள்ளுவண்டிகளை எடுத்த இடத்தில் விடுங்கள், அடுக்கியதைக் கலைக்காதீர்கள். அந்த நாளின் சுமை முழுவதும் ஏற்கெனவே அவர்கள் தோளில்தான் இருக்கிறது. 2008 பிளாக் ஃபிரைடே காலையில் நியூயார்க் மாநிலத்தின் வேலி ஸ்ட்ரீமில், கதவு திறந்ததும் பாய்ந்த கூட்டத்தில் மிதிபட்டுக் கடை ஊழியர் ஒருவர் இறந்துபோனார். 'பிளாக் ஃபிரைடே' என்ற பெயரையே பரப்பியவர்கள், அந்த நாளின் நெரிசலைச் சமாளித்துக் களைத்த ஃபிலடெல்ஃபியா போலீஸார்தான். கடைகள் நட்டத்திலிருந்து லாபத்துக்கு மாறும் நாள் என்ற விளக்கம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

தள்ளுபடியில் வாங்குபவரைப் பார்த்து முகம் சுளிக்கவும் வேண்டாம். ஆண்டு முழுவதும் சேர்த்து வைத்து, விலை குறையும் அந்த ஒரு நாளில் குழந்தைக்கு ஸ்வெட்டரோ வீட்டுக்கு ஓர் அடுப்போ வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பொருளுக்கும் நடுவில் இடைவெளி ஏற்கெனவே மிக நீளமானது. இந்த நாள் அவர்களை நோக்கிய கேள்வியே அல்ல. கையில் இருப்பதற்குமேல் இன்னொன்று வாங்கும் வசதி படைத்த நம்மை நோக்கியது.

கடைசிப் படி: ஒரு மாதம் கழித்து

விற்பனை முடிந்து முப்பது நாள் கழித்து இரண்டு தாள்களையும் எடுங்கள்: முன்பே எழுதிய தேவைப் பட்டியல், அந்த நாளில் வந்த ஆசைகளின் பட்டியல். இரண்டாம் தாளில் உள்ளவற்றை முதலில் படியுங்கள். எது உங்களுக்கு இன்னும் நினைவிருக்கிறதோ அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு முதல் தாளில் எது இன்னும் தேவையாக இருக்கிறதோ அதை, இரவல் கிடைக்குமா, பழையது கிடைக்குமா என்று இரண்டு கேள்வி கேட்டபின், அன்றைய விலையிலேயே நிம்மதியாக வாங்குங்கள்.

இரண்டாம் ஆண்டு என் ஆசைத் தாளில் பதினொரு பொருள்கள் இருந்தன. ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது ஒன்றின் பெயரை நானே எழுதியிருந்தும், அது என்ன பொருள் என்று எனக்கு விளங்கவில்லை. புள்ளி வைத்தது ஒன்றுக்கு மட்டும்: மேசை விளக்கு. அதைக் கேட்டு விசாரித்தபோது, நண்பர் ஒருவர் வீட்டுப் பரணில் ஒயர் மட்டும் போன ஒன்று கிடைத்தது. ஒயர் மாற்ற ஒரு மதியம் ஆனது. இதை எழுதும்போதும் அதுதான் எரிந்துகொண்டிருக்கிறது.